செங்குத்துக் காட்டோடையில் கயாக்: தண்ணீர் தன் உயரத்தை எங்கே இழக்கிறது?

மலையிலிருந்து பாறைகளின் ஊடே தாவி இறங்கும் சிறிய ஓடையில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய மேல்மூடிய கயாக்கில் உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையான அலகு கொண்ட துடுப்பால் வழி தேர்ந்து கீழே வருவதைத் துடுப்புக்காரர்கள் கிரீக்கிங் என்று அழைக்கிறார்கள். ரிஷிகேஷில் கங்கையின் அலைகள்மீது காற்றடைத்த ராஃப்டில் பலர் ஒன்றாகப் போவதைப் பார்த்தவர்கள், இதையும் அதன் சிறிய வடிவம் என்று எண்ணக்கூடும். ஆனால் பெரிய ஆற்றில் அச்சம் தருவது தண்ணீரின் அளவு. ஓடையில் தண்ணீர் குறைவாகவும் பாறை நிறைவாகவும் இருப்பதால், ஆபத்து பெரும்பாலும் பாறையின் வடிவத்திலும் அதைத் தண்ணீர் கடந்துபோகும் விதத்திலும் ஒளிந்திருக்கிறது. சில இடங்களில் வழி ஒரு கயாக்கின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்; அங்கே படகு குறுக்காகத் திரும்பிவிட்டால் இரு முனையும் பாறையில் முட்டி நின்றுவிடும்.

இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று சரிவு. அமெரிக்கத் துடுப்புக்காரர்கள் இதை ஒரு மைலுக்கு எத்தனை அடி இறக்கம் என்று குறிப்பிடுகிறார்கள். மைலுக்கு 100 அடி என்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு 19 மீட்டர், அதாவது 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான சரிவு. சாலையில் இந்தச் சரிவை நாம் கவனிக்கக்கூட மாட்டோம். தண்ணீருக்கு அது மிக அதிகம். இரண்டாவது அளவு ஓட்டம். மேட்டூர் அணைச் செய்திகளில் நாம் அன்றாடம் படிக்கும் அதே 'வினாடிக்கு இத்தனை கன அடி'. காவிரியில் வெள்ளக் காலத்தில் அந்த எண் லட்சத்தைத் தொடும். ஒரு செங்குத்து ஓடையைக் கயாக்கில் இறங்குவதற்குச் சில நூறு கன அடியே போதும். 200 கன அடி என்பது ஏறத்தாழ 5,700 லிட்டர். செய்தியில் படிக்கும்போது சிறியதாகத் தோன்றும் இந்த எண், நான்கடி அகலப் பாறை இடுக்கு ஒன்றின் வழியாக ஒவ்வொரு வினாடியும் புகுந்து வெளியேறும்போது வேறு பொருள் கொள்கிறது.

இவ்விரண்டு எண்களை மட்டும் வைத்து ஓர் ஓடையின் கடினத்தை மதிப்பிடப் பல புதியவர்கள் முயல்கிறார்கள். என் கணிப்பில் அது பயனற்ற முயற்சி. மைலுக்கு 200 அடி இறங்கும் இரண்டு ஓடைகளில் ஒன்று, மூன்று மீட்டர் வீழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் கீழே அமைதியான மடு ஒன்றைக் கொண்டிருக்கலாம். மற்றொன்று இடைவெளியே இல்லாமல் பாறைமேல் பாறையாக உருண்டுகொண்டே இருக்கலாம். முன்னதில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் பிறகு மூச்சு வாங்கலாம், கவிழ்ந்தவரை மீட்கலாம், அடுத்ததைப் பார்த்துவிட்டு இறங்கலாம். பின்னதில் மேலே நிகழ்ந்த சிறு பிழை அடுத்த நூறு மீட்டர் முழுவதும் கூடவே வரும். ஆகவே ஓர் ஓடையைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் தன் உயரத்தை எந்தெந்த இடத்தில், எப்படி இழக்கிறது என்பதே.

மலையோடைகள் இந்த உயரத்தை ஒரே சீராக இழப்பதில்லை. சரிவு 3 சதவீதத்தைத் தாண்டும்போது பெரும்பாறைகளும் சில இடங்களில் விழுந்த மரங்களும் ஒன்றோடொன்று சிக்கி ஓடைக்குக் குறுக்கே படியாக நின்றுவிடுகின்றன. படியைத் தாண்டி விழும் நீர் கீழே தரையைக் குடைந்து மடுவை உண்டாக்குகிறது. இவ்வாறு ஓடை ஒரு படிக்கட்டைப் போல ஆகிவிடுகிறது. நீரின் ஆற்றலில் பெரும்பகுதி ஒவ்வொரு படியின் அடியிலும் நுரையாகவும் கொந்தளிப்பாகவும் செலவாகிவிடுவதால், மடுவின் மறுமுனையில் நீர் ஓரளவு அமைதியடைந்து அடுத்த படியை நோக்கி நகர்கிறது. சரிவு இன்னும் கூடி 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் மடுக்கள் சுருங்கி, நீர் ஒவ்வொரு பாறையைச் சுற்றியும் உருண்டோடும் இடைவிடாத கொந்தளிப்பாக மாறும் இயல்புடையது. கயாக் செலுத்துபவரின் வேலை முழுவதும் இந்தப் படிகளுக்கும் மடுக்களுக்கும் நடுவில் நடக்கிறது.

படியை எப்படி இறங்குவது என்று கற்பதற்கு முன்னால், படிக்கு மேலே எப்படி நிற்பது என்று கற்க வேண்டும். ஓடும் நீரில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தால், அதன் கீழ்ப்புறத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து, அந்தக் குறையை நிரப்பத் தண்ணீர் எதிர்த்திசையில், பாறையை நோக்கி மெதுவாகத் திரும்பி வரும். இந்த ஒதுக்கிடத்துக்கு எடி என்று பெயர். ஓடும் நீருக்கும் எடிக்கும் நடுவில் தெளிவான ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தக்க கோணத்தில், போதிய வேகத்தோடு கடந்து, திரும்பும் பக்கத்தை நோக்கிப் படகைச் சாய்த்தால், படகு சுழன்று மூக்கை மேல்நோக்கி வைத்துக்கொண்டு நின்றுவிடும். பெரிய ஆற்றில் எடிகள் வீடளவு பெரியவை. ஓடையில் அவை படகின் நீளம்கூட இருக்காது, சில வேளை அடுத்த வீழ்ச்சியின் விளிம்புக்கு இரண்டு மீட்டர் மேலேயே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு முறையும் தவறாமல் நிற்கக்கூடியவரே ஓடைக்குத் தயாரானவர். உயரமான அருவியிலிருந்து குதிக்கும் காணொளிகள் பார்க்க விறுவிறுப்பாக இருக்கலாம். அவற்றை வைத்து ஒருவருடைய திறமையை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி வீழ்ச்சியின் அடிப்பகுதி. விளிம்பைத் தாண்டி விழும் நீர் மேற்பரப்பிலேயே நின்றுவிடாமல் தரைவரை பாய்ந்து, அடியிலேயே கீழ்நோக்கி ஓடுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்ப, சற்றுத் தள்ளியிருக்கும் மேற்பரப்பு நீர் திரும்பி வீழ்ச்சியை நோக்கி வருகிறது. இந்தச் சுழற்சியை ஹோல் என்கிறார்கள். ஆழத்திலிருந்து மேலே பொங்கிவரும் நீர் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பாதி வீழ்ச்சியை நோக்கித் திரும்புகிறது, மறுபாதி கீழே ஓடிவிடுகிறது. அந்தப் பிரிவுக் கோடு வீழ்ச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே ஹோலின் பிடியை மதிப்பிடச் சிறந்த அளவுகோல். கோடு அருகில் இருந்தால் படகு தன் வேகத்திலேயே அதைத் தாண்டிவிடும். தொலைவில் இருந்தால், தாண்ட முடியாத படகும் மனிதரும் மறுபடி மறுபடி வீழ்ச்சியின் அடிக்கே இழுத்துவரப்படுவார்கள். அத்துடன் அந்த நுரையில் காற்று மிகுதியாகக் கலந்திருப்பதால், அது உடலை மிதக்க வைக்கும் திறனும் துடுப்புக்குப் பிடிகொடுக்கும் தன்மையும் தெளிந்த நீரைவிடக் குறைவு.

ஹோலின் வடிவமும் முக்கியம். மேலிருந்து பார்க்கும்போது அதன் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிடக் கீழ்நோக்கித் தள்ளியிருந்தால், உள்ளே சிக்கிய பொருளை நீர் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே தள்ளிவிடும். ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தால், எல்லாம் நடுவிலேயே வந்து சேரும். இவ்விரண்டையும்விட மோசமானது, கரையிலிருந்து கரைவரை நேர்கோடாக, எங்கும் இடைவெளியின்றி அமைந்த ஹோல். இயற்கையான ஓடைகளில் இது அரிது. மனிதர் கட்டிய தடுப்பணைகளில் இதுவே வழக்கம். ஒரு மீட்டர் உயரமே கொண்ட தடுப்பணை, நல்ல நீர்வரத்து இருக்கும்போது மூன்று மீட்டர் இயற்கை அருவியைவிட ஆபத்தானதாக மாறுவது இதனால்தான். தடுப்பணையில் இறங்கிக் குளிக்கும் பழக்கம் நம் ஊர்களில் இருப்பதால், கயாக்கையே தொடாதவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஹோலைத் தவிர்ப்பதற்காகவே ஓடைத் துடுப்பாட்டத்தில் பூஃப் என்னும் உத்தி உருவாயிற்று. விளிம்பைத் தாண்டும் அந்தக் கணத்தில் துடுப்பை முன்னால் ஊன்றி ஒரே இழுப்பில் உடலைக் கடந்து இழுத்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளினால், படகின் மூக்கு கீழே கவிழாமல் ஏறக்குறைய கிடையாக முன்னே பாயும். அது மடுவில் தட்டையாக விழுவதால் ஆழத்துக்குள் புதைவதில்லை. முன்னே பாய்ந்த வேகத்தால் பிரிவுக் கோட்டையும் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. சற்று முன்னதாக இழுத்தால் படகு விளிம்பில் ஏறும்போதே உந்துதல் தீர்ந்துபோய் மூக்கு கவிழும். சற்றுத் தாமதித்தால் துடுப்புக்குப் பிடிக்கத் தண்ணீரே இருக்காது. அரை மீட்டர் படிகளில் பல முறை செய்து பழகிய பிறகே இது கைவரும்.

பூஃப் எல்லா உயரத்துக்கும் பொருந்தாது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று மீட்டரிலிருந்து விழும் படகு நீரைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆறு மீட்டரில் அது 39 கிலோமீட்டர். நுரை நிறைந்த மடு அந்த அதிர்ச்சியைக் குறைக்கும். நுரையில்லாத பச்சை நீரில் அந்த உயரத்திலிருந்து தட்டையாக விழுந்தால், முழு அதிர்ச்சியும் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் ஏறும். முள்ளெலும்பு நசுங்கும் காயங்கள் இந்த விளையாட்டில் நேர்வது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் உயரம் கூடக் கூட மூக்கை ஓரளவு கீழே சாயவிட்டு, உடலை முன்னால் மடக்கி, துடுப்பைப் படகுக்கு இணையாக ஒட்டி வைத்துக்கொண்டு நீருக்குள் நுழைகிறார்கள். எந்த வீழ்ச்சியில் எவ்வளவு சாய்ப்பது என்பதை மடுவின் ஆழமும் நுரையும் தீர்மானிக்கின்றன. அவற்றைப் படகிலிருந்து பார்க்க முடியாது, கரையேறித்தான் பார்க்க வேண்டும்.

ஹோல் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதவை பாறைக்குள் இருக்கின்றன. ஓடும் நீர் திடமான பாறைமுகத்தில் மோதினால் அதன் முன்னே வெள்ளை நுரைமேடு ஒன்று எழும்பும். அந்த மேடே படகை ஓரளவு தள்ளி விலக்கிவிடும். நீர் வேகமாகப் பாறையை நோக்கிப் போகிறது, ஆனால் நுரைமேடு எதுவும் எழவில்லை என்றால், தண்ணீர் பாறைக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அடியில் குடையப்பட்ட இத்தகைய பாறை படகோடு மனிதரையும் உள்ளிழுத்து அழுத்தி வைத்துக்கொள்ளும். பெரும்பாறைகள் குவிந்து, இடுக்குகள் வழியாக மட்டும் நீர் வடிந்துபோகும் பாறைச்சல்லடை இதைவிடக் கொடியது. நீர் புகும், உடல் புகாது. குறுக்கே விழுந்த மரமும் அதே வேலையைச் செய்கிறது. நேற்று இல்லாத மரம் இன்று இருக்கலாம் என்பதால், நன்கு பழகிய ஓடையிலும் இந்தக் கண்காணிப்பைக் கைவிட முடியாது.

படகு பாறையில் பக்கவாட்டாக மோதும்போது உடல் தானாகவே பாறையிலிருந்து விலகி, வரும் நீரின் பக்கம் சாயும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: பாறையை அணைத்துக்கொள்வதைப்போல அதன் பக்கமே சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் படகின் அந்தப் பக்க விளிம்பு நீருக்குள் அமிழ்ந்து, ஓட்டத்தின் முழு எடையும் அதன்மேல் ஏறிவிடும். ஓடும் நீரின் தாக்கம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. பாறையில் மடங்கி ஒட்டிக்கொண்ட படகைக் கையால் இழுத்து எடுக்க முடியாமல் கயிறும் கப்பிகளும் தேவைப்படுவது இதனால்தான். படகை விட்டு நீந்த நேர்ந்தவர்கள் முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாதம் பாறை இடுக்கில் சிக்கினால், ஓட்டம் உடலை முன்னால் மடித்து நீருக்குள் அமிழ்த்திவிடும்.

இவ்வளவு இருந்தும் தேர்ந்தவர்கள் பல ஆண்டுகளாக ஓடைகளில் இறங்கி வருகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்கள் இறங்கும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம் அதிகம் என்பதே. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒருவர் கடைசிப் பாதுகாப்பான எடியில் நின்று, கரையேறி நடந்துபோய்ப் பார்க்கிறார். பார்ப்பதிலும் ஒழுங்கு உண்டு: முதலில் மடுவையும் அதற்குக் கீழே வருவதையும் பார்த்து, தவறினால் எங்கே போய்ச் சேருவோம் என்று தீர்மானித்த பிறகே வழியைத் தேட வேண்டும். வழியை முதலில் கண்டுபிடித்துவிட்டால் மனம் ஆபத்துகளைச் சிறிதாக்கத் தொடங்கிவிடும். பிறகு ஒருவர், நீந்த நேர்பவர் மிதந்து வந்து சேரக்கூடிய இடமாகப் பார்த்து, பதினைந்து இருபது மீட்டர் மிதக்கும் கயிறு அடைத்த எறிபையோடு நிற்கிறார். துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினால் வரலாம், கிடையாகத் தலைக்கு மேல் பிடித்தால் நில், சாய்த்துக் காட்டினால் அந்தப் பக்கமாகப் போ. போக வேண்டிய திசையை மட்டுமே காட்டுவார்கள். ஆபத்து இருக்கும் திசையை ஒருபோதும் சுட்ட மாட்டார்கள். அருவியின் இரைச்சலில் பேச்சு கேட்காததால், சைகை எல்லாருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். விசில் மூன்று முறை ஒலித்தால் அவசரம். பார்த்தபின் மனம் ஒப்பவில்லை என்றால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியாக நடப்பதும் இந்த விளையாட்டின் வழக்கமான பகுதி. அதற்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன் ஆற்றின் நாரோஸ் என்னும் குறுகல் பகுதி. 1 முதல் 6 வரையான கடின அளவில் 5-ஆம் வகுப்பைச் சேர்ந்த இந்த இடத்தில் 1996 முதல் நவம்பரின் முதல் சனிக்கிழமையை ஒட்டி கிரீன் ரேஸ் என்ற போட்டி நடந்து வந்தது. போட்டியாளர்கள் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கொரில்லா என்று பெயர்பெற்ற வீழ்ச்சி உட்பட எல்லாவற்றையும் நிற்காமல் இறங்குவார்கள். முன்னணியினருக்கு 4 நிமிடங்களை ஒட்டிய நேரமே போதுமானதாக இருந்தது. அதே தூரத்தை முதல்முறை வருபவர் ஒவ்வொரு வீழ்ச்சியையும் கரையேறிப் பார்த்து, சிலவற்றைச் சுமந்து கடந்து இறங்கினால் சில மணி நேரம் ஆகும். அந்த நான்கு நிமிடங்களைச் சாத்தியமாக்கியது, அதே வீழ்ச்சிகளை ஆண்டுக்கணக்கில் நின்று நின்று இறங்கிய பழக்கம். மேலே உள்ள சம்மிட் ஏரியின் நீர் டக்சிடோ மின்நிலையத்தின் வழியாகத் திறந்துவிடப்படுவதால், மழையில்லாத காலத்திலும் நீரளவு முன்கூட்டியே தெரிந்தது. ஒரே அளவில் திரும்பத் திரும்பப் பழக முடிந்ததால்தான் அது இவ்வளவு பெரிய பயிற்சிக்களமாயிற்று. ஆனால் 2024 செப்டம்பரில் ஹெலின் புயல் கொண்டுவந்த வெள்ளம் அங்கே பெரும்பாறைகளையே புரட்டிப்போட்டு வீழ்ச்சிகளின் வடிவத்தை மாற்றிவிட்டது. ஆண்டுக்கணக்கில் மனப்பாடமாக இருந்த வழிகளை வல்லுநர்களும் கரையேறிப் பார்த்துப் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று.

அணையில்லாத ஓடைகளில் நீரளவு முன்கூட்டியே தெரியும் நிச்சயம் கிடையாது. நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம். 2013-இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் விழா கோடஞ்சேரிப் பகுதியில் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆகிய ஓடைகளில் நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிச் சாலியாற்றில் சேரும் இவ்வோடைகளில் தென்மேற்குப் பருவமழையே நீர் தருகிறது, அதனால் விழாவும் மழைக்காலத்திலேயே நடக்கிறது. இத்தகைய ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது. மழை பெய்த சில மணி நேரத்தில் நீர் ஏறி, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். குற்றாலத்தில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் பெய்த மழையால் அருவி திடீரென்று பெருகுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் ஏறும்போது எடிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன, மடுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன, நிற்க இடமிருந்த ஓடை நிற்க இடமில்லாததாகிறது. எனவே தண்ணீர் கலங்கினாலோ, இலைதழை மிதந்துவரத் தொடங்கினாலோ, கரையில் குறித்துவைத்த கல் மூழ்கினாலோ உடனே வெளியேறுவதுதான் முறை.

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓடைக் கயாக் பாலித்தீனால் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமும், உட்காருபவரின் எடைக்கு ஏற்ப 260 முதல் 380 லிட்டர் வரை கொள்ளளவும் கொண்டது. நீருக்குள் அமிழ்ந்தாலும் விரைந்து மேலெழ இந்தக் கொள்ளளவும், முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த அடிப்பகுதியும் உதவுகின்றன. பாறையில் மோதும்போது கால்கள் நசுங்காதபடி உள்ளே கால்தாங்கித் தட்டும், கயிறு மாட்ட உறுதியான பிடிகளும் இருக்கும். ஹெல்மெட், விரைவில் கழலும் பட்டையுடைய மீட்பு லைஃப் ஜாக்கெட், முழங்கைக் காப்பு, விசில், கத்தி, எறிபை ஆகியவை இல்லாமல் ஓடைக்குப் போகக் கூடாது. கண்ணாடியிழைப் படகுகள் பாறையில் உடைந்துபோன காலத்தில் இந்த ஓடைகள் பெரும்பாலோருக்கு எட்டாதவையாக இருந்தன. 1970-களில் வந்த பிளாஸ்டிக் படகுகளே அவற்றைத் திறந்துவிட்டன.

தொடங்க விரும்புபவர் ஓடையில் தொடங்கக் கூடாது. ஏரியிலோ நீச்சல் குளத்திலோ கவிழ்ந்த படகைத் துடுப்பால் நிமிர்த்தும் ரோலைக் கற்று, பிறகு அகலமான ஆற்றின் 2, 3-ஆம் வகுப்பு நீரில் எடிக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் தானாக நடக்கும் அளவுக்குப் பழக வேண்டும். வகுப்புகள் 1 முதல் 6 வரை பன்னாட்டு அளவில் வரையறுக்கப்பட்டவை. ஆனால் ஒரே வகுப்பு எண் பெரிய ஆற்றிலும் ஓடையிலும் ஒரே அனுபவத்தைத் தராது. ஓட்ட நீரில் மீட்புப் பயிற்சி ஒன்றை முடித்திருப்பது, முதல் ஓடைக்கு முன்பே நிறைவேற வேண்டிய நிபந்தனை. முதல் ஓடையாக, வீழ்ச்சிகளுக்கிடையே நீண்ட மடுக்கள் உள்ள 3-ஆம் வகுப்பு ஓடை ஒன்றை, மிதமான நீரளவில், அதைப் பலமுறை இறங்கிய இருவர் மூவரோடு தேர்ந்தெடுக்கலாம். அந்த நாளில் ஒவ்வொரு எடியிலும் நிற்க முயலுங்கள். எத்தனை எடிகளைத் தவறவிட்டீர்கள் என்பதை வைத்து, அடுத்த ஓடைக்கு எப்போது போகலாம் என்று உங்களை அழைத்துச் சென்றவர் சொல்லிவிடுவார்.